டிஎக்ஸ்-60 ஏஎம்-இல் ஊஞ்சலாடுகிறது, ரிசீவர் ஷாக் அடிக்கிறது: எதை மாற்றுவது?

மாடிக்கம்பி: அமெரிக்காவில் ஓஹியோவில் இருக்கிறேன், அமெச்சூர் ரேடியோவில் (ஹாம்) ஜெனரல் நிலை உரிமம். 3885 கிலோஹெர்ட்ஸில் ராத்திரி ஏஎம்-இல் (பழைய வீச்சுப் பண்பேற்ற முறையில்) பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்து, ஹீத்கிட் டிஎக்ஸ்-60 டிரான்ஸ்மிட்டரும் ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 ரிசீவரும் வாங்கிவிட்டேன். பேசாமல் இருந்தால் வாட் மீட்டர் பத்து பன்னிரண்டில் நிற்கிறது. வாயைத் திறந்தால் எகிறுகிறது. மறுமுனைக்காரர், "உங்கள் சிக்னல் ஊஞ்சலாடுகிறது" என்றார். குரலை அலையில் ஏற்றும் மாடுலேட்டர் பழுதா? பெரிய ஹீத்கிட் டிரான்ஸ்மிட்டரான டிஎக்ஸ்-100-க்கு மாறலாமா? அப்புறம், ரிசீவர் குமிழின் திருகாணியில் விரல் பட்டால் சுரீர் என்கிறது.

பழையவால்வு: தம்பி, முதலில் எஸ்-38 பிளக்கைப் பிடுங்குங்கள். அதில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வுகளின் ஹீட்டர்களைச் சரமாகக் கோத்து நேரே மின்லைனில் மாட்டியிருப்பார்கள். உள்ளே வயதான கெப்பாசிட்டர் கசிந்தாலே சேசிஸில் கரண்ட் ஏறும். மின்லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள், ஹெட்போன் மாட்டவே மாட்டாதீர்கள்.

டிரான்ஸ்மிட்டரில் பழுது இல்லை. டிஎக்ஸ்-60 அப்படித்தான். ஃபைனலில் (கடைசி பவர் கட்டத்தில்) இருக்கும் ஒரே 6146 வால்வின் ஸ்க்ரீன் கிரிட் என்ற உள்வலையில்தான் மாடுலேஷன், அதாவது குரலை ஏற்றுவது. குரலுக்கேற்பக் கேரியரும் (குரலைச் சுமக்கும் அலை) ஏறி இறங்கும். பெரிய மாடுலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடாமல் விலையைக் குறைக்க அந்தக் காலத்தில் செய்த வழி. டிஎக்ஸ்-100-இலும் ஜான்சன் வைக்கிங் ரேஞ்சர் டிரான்ஸ்மிட்டரிலும் பிளேட் மாடுலேஷன், வால்வின் பிளேட்டில் குரலை ஏற்றுவது. கேரியர் அசையாது, ஆடியோ கனமாக இருக்கும்.

மாடிக்கம்பி: அப்படியானால் டிஎக்ஸ்-100 தானே சரி, அண்ணே?

பழையவால்வு: டிஎக்ஸ்-100-இன் எடை 100 பவுண்டு. பேஸ்மென்ட் படியில் தனியாக இறக்கி ஒரு வாரம் நான் நிமிரவில்லை. ரேஞ்சரும் ஒற்றை 6146 தான், ஆனால் அதிர்வெண்ணை இஷ்டப்படி மாற்றும் விஎஃப்ஓ உள்ளேயே இருக்கிறது. டிஎக்ஸ்-60-க்கு ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் கிரிஸ்டல் வேண்டும், இல்லாவிட்டால் எச்ஜி-10 என்ற விஎஃப்ஓ பெட்டியைத் தனியாகத் தேட வேண்டும். எனக்குக் கேட்டால் ரேஞ்சர்.

நள்ளிரவு75: இருவரும் டிரான்ஸ்மிட்டரிலேயே நிற்கிறீர்கள். காசை முதலில் ரிசீவரில் போடுங்கள். எஸ்-38-இல் ஆன்டெனா சிக்னலை முதலில் பெருக்கும் ஆர்எஃப் ஸ்டேஜ் இல்லை, நெருங்கிய நிலையங்களைப் பிரிக்கும் திறனும் குறைவு. நீங்கள் கேட்கும், கூட்டம் நிறைந்த 75 மீட்டர் அலைவரிசையில் பக்கத்துக் குரல்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஹாமர்லண்ட் எச்க்யூ-129எக்ஸ் ரிசீவரைப் பாருங்கள்: பவர் டிரான்ஸ்ஃபார்மர், நுணுக்கமாகத் திருப்ப பேண்ட்ஸ்பிரெட், பக்கத்துச் சிக்னலை வெட்ட கிரிஸ்டல் ஃபில்டர் எல்லாம் உண்டு. காலின்ஸ் 75ஏ-4 ரிசீவரும் அழகுதான். ஆனால் அதோடு வந்த 3.1 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரில் ஏஎம் குரல் மூக்கடைத்தது போலக் கேட்கும். 6 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

எதை வாங்கினாலும் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றாமல் நேரே 120 வோல்ட்டில் போடாதீர்கள். மூன்று ஊசி பிளக்கும் மாற்றிவிடுங்கள்.

மாடிக்கம்பி: எஸ்-38 அலமாரிக்குப் போய்விட்டது. மே மாதம் இங்கே ஓஹியோவின் சீனியா ஊரில் ஹாம்வென்ஷன் என்ற ஹாம் ரேடியோ மாநாட்டுச் சந்தைக்குப் போகிறேன், எச்க்யூ-129எக்ஸ் தேட. ரேஞ்சர் கண்ணில் பட்டால் மூடியைத் திறந்து எதைப் பார்க்க வேண்டும்?

பழையவால்வு: மாடுலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை. கருகிய வாடை வந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். 73 (ஹாம்களின் வாழ்த்து).