சயின்ஸ் ஃபேருக்கு ஷாப்பரோனாகப் போகிறவர்களுக்கு

அமெரிக்கா வந்த இரண்டாவது வருஷம், மகளின் ஹைஸ்கூலிலிருந்து மெயில் வந்தது: மாநில சயின்ஸ் ஃபேருக்கு, அதாவது மாணவர்களின் அறிவியல் ஆய்வுப் போட்டிக்கு, ஷாப்பரோனாக (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடப்போகும் பெரியவராக) வர முடியுமா? இரண்டு நாள் சுற்றுலா என்று நினைத்து உடனே சரி என்றேன். நினைப்புதான்!

முதல் வேலை பின்னணிச் சோதனை, அதாவது நம்மேல் குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது. பல பள்ளி மாவட்டங்களில் அது முடியாமல் பிள்ளைகளோடு அனுப்ப மாட்டார்கள். சில இடங்களில் கைரேகையும் கேட்பார்கள். வாரக்கணக்கில் இழுக்கலாம், மெயில் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம் மருந்து. தலைவலி என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டத்தான் நமக்குக் கை போகும். நீட்டாதீர்கள். பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தில் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான். யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, எபிபென் (கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசி) யார் பையில் இருக்கிறது என்பதையெல்லாம் பஸ் கிளம்பும் முன்பே கேட்டுவையுங்கள். ஒரு மாணவரோடு மூடிய அறையில் தனியாக இருக்கவும் கூடாது.

இரவு பத்தரைக்கு ஹோட்டல் அறைக்கதவுகளில் வெளியிலிருந்து டேப் ஒட்டினோம். கதவைத் திறந்தால் பிரிந்துவிடும், காலையில் தெரிந்துவிடும். எனக்குச் சங்கடமாக இருந்தது. கூட வந்த ஆசிரியருக்கு அது வழக்கம். விடிந்ததும் பார்த்தால் ஒரு கதவில் டேப் தொங்குகிறது. ஐஸ் எடுக்கப் போனார்களாம், நான்கு பேரும்.

எங்கள் குழுவில் ஒரு பையன் தன் ஆய்வுக்கு எடுத்த மண்ணை ஆறு புட்டிகளில் அழகாக லேபிள் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். சோதிக்க வந்தவர் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார். ஐசெஃப் (ISEF) என்ற உலக அளவிலான பள்ளி மாணவர் அறிவியல் போட்டியின் விதிப்படி மண், செடி, உயிரினம் எதையும் காட்சிக்கு வைக்க முடியாது. அதோடு இணைந்த மாநில, வட்டாரப் போட்டிகளும் பெரும்பாலும் அந்த விதியையே பின்பற்றுகின்றன. போட்டோ ஒட்டிக்கொள்ளலாம். 1950இல் தொடங்கிய அந்த உலகப் போட்டிக்கு இங்கிருந்துதான் ஆள் தேர்வாகிறது என்பதால் கெடுபிடி அதிகம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

நடுவர்கள் வரும் நேரத்தில் நமக்கு அரங்குக்குள் இடமில்லை. அதற்கு நான் நன்றிதான் சொல்வேன். உள்ளே விட்டிருந்தால் பக்கத்தில் நின்று, "அந்த கிராஃபைக் காட்டு" என்று வாயசைத்திருப்பேன். அது பிள்ளையின் ஆய்வு. பதினைந்து நிமிடம் அதைப் பற்றிப் பேச அவர்களுக்குத் தெரியும். சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் வேண்டியதை முன்னாலேயே கையில் கொடுத்து அனுப்புங்கள். மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது மண்புட்டிப் பையன் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டான். "என்ன கேட்டாங்க?" என்று வாய் வரை வந்தது. மகள் முறைத்தாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன். கால் மணி நேரம் கழித்து அவனே ஆரம்பித்தான். பஸ் பள்ளி வாசலுக்கு வந்து நிற்கும்வரை நிறுத்தவில்லை.