பாரை இழுத்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்க

கெண்டைக்காரன்:
போன பிப்ரவரியில் பாரை மீன் பிடிக்க அந்தமான் போயிருந்தேன். மச்சான் போர்ட் பிளேரில் குடியேறி இருபது வருஷம். அவன்தான் படகு பேசி வைத்தான். படகுக்காரருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். நான் காவிரியில் கெண்டை, கெளுத்தி பிடித்துப் பழகிய ஆள். கடல் தூண்டிலைத் தூக்கினதுமே தோள்பட்டை கேட்டது, இது எதுக்குடா உனக்கு என்று.

இரண்டு மணி நேர ஓட்டம். பவளப்பாறை மேட்டில் அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் இன்ஜினை மெதுவாக்கினார். “மீன் அடிச்சா பத்து செகண்டுதான் சார். அதுக்குள்ள தலையைத் திருப்பணும். இல்லைன்னா பாறைக்கடியில போயிடும்” என்றார். வேறு பாடமே எடுக்கவில்லை.

பாப்பர் என்கிற மிதக்கும் பொய் இரையை வீசி ‘ப்ளப், ப்ளப்’ என்று இழுத்து வந்தேன். முதல் அடியில் கொக்கி மாட்டவில்லை. இரண்டாவது மாட்டியது. நரம்பு ஓடாமல் பிடிக்கிற ரீலின் டிராக்கை முழுக்க இறுக்கியும் நரம்பு சர்ரென்று ஓடியது. திடீரென்று கை லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் பிரெய்ட் என்கிற பின்னல் நரம்பின் நுனி சாமரம் மாதிரி பிரிந்து கிடந்தது. பாறை அறுத்த வேலை.

மூன்றாவது மாட்டியபோது படகுக்காரர் என்னைக் கேட்கவே இல்லை, இன்ஜினைத் திருப்பி ஆழம் பக்கம் இழுத்துப் போய்விட்டார். பாதி மீன் அவர் பிடித்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். கால் மணி நேரம் கழித்து மேலே வந்தது கரும்பாரை, ஆணாம். அது உறுமியது! மீன் உறுமும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தொண்டைப் பல்லை உரசி அப்படிச் சத்தம் போடுமாம். வாலடியில் ரம்பம் போல வரிசையாகத் தகடு. வெறுங்கையால் பிடித்துவிட்டு விரலை எண்ணிப் பார்த்தேன். 25 கிலோ இருக்கும். ஒரு போட்டோ, தலைகீழாகத் தண்ணீரில் விட்டோம், வாலால் ஒரே அறை, போயே போய்விட்டது.

உலக சாதனை 72.8 கிலோவாம், 2006-இல் ஜப்பானில் பிடித்தது. அதைப் பிடித்தவருடைய முதுகை நினைத்துப் பார்க்கிறேன்.

தூத்துக்குடிக்காரன்:
விட்டுட்டீங்களா?! தம்பி, எங்கப்பா இருந்தா உங்களைப் படகுல ஏத்தியிருக்கவே மாட்டாரு.

எங்களுக்கு ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. தங்கூசி நரம்பு, ஒத்தைக் கொக்கி, இரைக்கு உயிரோட ஒரு முரல் மீன். பார், அதான் கடலடிப் பாறை, அது ஓரமா வள்ளத்தை நிப்பாட்டி விடுவோம். நீங்க சொல்ற பத்து செகண்டு எங்களுக்கு அஞ்சுதான். நரம்பைக் கட்டையில ஒரு சுத்து போட்டாத்தான் மீன் நிக்கும். பதிமூணு வயசுல கட்டைக்குப் பதிலா விரல்ல சுத்தினேன். வெள்ளையா ஒரு கோடு இப்பவும் இருக்கு. அப்பா கத்தியை எடுத்து நரம்பைத்தான் அறுத்தாரு. மீன் போச்சேன்னு வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

பாரையில பெருசு ருசி இல்ல, சதை சக்கை மாதிரி இருக்கும். சின்னதுதான் குழம்புக்கு. பெருசுல தலை மட்டும் எங்க வீட்டுக்கு வரும், மிச்சம் ஏலத்துக்கு.

முக்குளிப்பான்:
நான் மாலத்தீவில், மாலேயில் நர்ஸ். தூண்டில் தொட்டதில்லை. லீவில் வாவு அட்டோலில் ஆலிமதா ஜெட்டியில் இரவு டைவிங் இறங்கினேன். எல்லோரும் சுறாவைப் பார்க்கத்தான் வருவார்கள். எனக்கு நினைவில் நிற்பது பாரை.

டார்ச்சைச் சின்ன மீன் ஒன்றின் மேல் அடித்தேன். ஆரஞ்சு நிறம், அழகாக இருந்தது. காதோரம் என்னவோ உரசிப் போனது. வெளிச்சத்தில் இப்போது வெறும் மணல். அடுத்த மீனுக்கும் அதே கதி. மூன்றாவதில்தான் புரிந்தது, என் தோளுக்குப் பின்னால் இரண்டு பாரைகள் காத்திருக்கின்றன. நான் காட்டுகிறேன், அவை சாப்பிடுகின்றன. பந்தியில் பரிமாறுகிற ஆள் மாதிரி நின்றிருக்கிறேன். டார்ச்சை என் காலடிக்குத் திருப்பி வைத்துக்கொண்டேன். அவை வேறு டைவரிடம் போய்விட்டன.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. பவளப்பாறையில் வளர்ந்த ரொம்பப் பெரிய பாரையிலும் சீலாவிலும் சிகுவாடெரா என்ற நச்சு சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. அந்த நச்சு தாக்கினால் குளிர்ந்த தண்ணீர் கையைச் சுடுவது போலிருக்கும். தலையில் இன்னும் அதிகம் இருக்கலாம், தூத்துக்குடி அண்ணன் கவனிக்கவும்.

தூத்துக்குடிக்காரன்:
அம்பது வருஷமா தலைதான் தின்னுட்டு இருக்கோம் தங்கச்சி. சரி, சொல்லிட்டீங்க, வீட்டுல சொல்றேன்.

கெண்டைக்கார தம்பி, அந்த 25 கிலோவை யாரு நிறுத்துனது?

கெண்டைக்காரன்:
தராசு இல்லைண்ணே. கைக்கணக்குதான்.

தூத்துக்குடிக்காரன்:
அப்ப 15.