பிள்ளைக்கு நிஜ எலும்புக்கூடு காட்டணும், திருநெல்வேலியிலிருந்து எங்கே போகலாம்?

பாளை அப்பா:
ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மூன்று மாதமாக எலும்புப் பைத்தியம். கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போனேன், தோட்டத்தில் நிற்கும் டைனோசரை எல்லாம் சுற்றி வந்துவிட்டு "இதெல்லாம் பொம்மைப்பா, நிஜ எலும்பு எங்கே?" என்கிறாள். சரி என்று போன வாரம் லீவு போட்டு ஒரு அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் கதவில் பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறையாம். வாசலில் கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினோம். இப்போது திருவனந்தபுரம் போகலாமா என்று யோசனை. அவ்வளவு தூரம் போவதற்குத் தகுமா? இன்னொன்று, நான் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் இப்படி ஒரு இடத்துக்குப் போனபோது வரிசையாகத் தள்ளிக்கொண்டு போய் இருபது நிமிடத்தில் வெளியே விட்டுவிட்டார்கள். முறைத்துப் பார்த்த ஒரு புலியைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. எப்படிப் பார்த்தால் மண்டையில் ஏறும்?

குறுக்குத்துறைக்காரன்:
அண்ணாச்சி, தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை, திருவனந்தபுரத்தில் திங்கள் விடுமுறை. அங்கேயும் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மிருகக்காட்சிசாலையும் அதே வளாகம்தான், அதனால் ஒரு நாள் தாராளமாக ஓடிவிடும். ஆனால் உள்ளே போனதும் கண்ணில் படுகிற அழகான சிவப்புக் கட்டடம் நேப்பியர் அருங்காட்சியகம், 1880இல் கட்டியது, அதில் இருப்பது வெண்கலச் சிலையும் தந்தச் சிற்பமும். பலர் அதைப் பார்த்துவிட்டு அவ்வளவுதான் என்று கிளம்பிவிடுவார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தனிக் கட்டடம், கேட்டுப் போங்கள்.

நமக்கும் அந்த இடத்துக்கும் ஒரு உறவு உண்டு. இந்தச் சிவப்புக் கட்டடம் வரும் முன்பே, 1857இல் அங்கே அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நம் பொதிகையில் 1,868 மீட்டர் உயர அகத்தியமலை உச்சியில் 1855இல் வானிலையும் பூமியின் காந்தமும் அளக்க ஆய்வுக்கூடம் போட்டவரும் அவரேதான். இந்த மழையிலும் அட்டைக்கடியிலும் எப்படித்தான் ஏறினாரோ!

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார்:
எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று போனால் எதையும் பார்க்க முடியாது. ஐந்து பொருள் போதும், ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். படம் கோணலாக இருந்தால் இருக்கட்டும், வரையும்போதுதான் கண் நிற்கும்.

அடைத்து வைத்த மிருகங்களில் அதிக நேரம் போக்க வேண்டாம் என்பது என் கட்சி. அது தோல் மட்டும்தான், உள்ளே இருப்பது ஆள் செய்த உருவம், கண் கண்ணாடி, வெளிச்சம் பட்டுப் பட்டு நிறமும் வெளுத்திருக்கும். அதை வைத்துப் புலியின் நிறத்தை முடிவு செய்யக் கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் தோலில் ஆர்செனிக் தடவுவார்கள், ஆகவே கண்ணாடிக்கு வெளியே எது நின்றாலும் தொட விடாதீர்கள். அதேபோல் சாராயத்தில் ஊறும் பச்சைப் பாம்பு நீலமாகத் தெரிந்தால் அது புது இனம் இல்லை, மஞ்சள் நிறமி கரைந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எலும்பு பொய் சொல்லாது. திமிங்கலத்தின் துடுப்பை எலும்புக்கூட்டில் பார்த்தால் உள்ளே விரல்கள் இருக்கும், வௌவால் இறக்கையிலும் அதே விரல்தான் குடைக்கம்பி மாதிரி நீண்டிருக்கும். யானை மண்டையோடு எங்கே கண்டாலும் நெற்றி நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், அது கண் என்று சொல்வாள், தும்பிக்கைக்கான மூக்குத்துவாரம் என்று உடனே சொல்லிவிடாமல் கொஞ்சம் தவிக்க விடுங்கள். அப்புறம் கழுத்தெலும்பு எண்ணச் சொல்லுங்கள். பாலூட்டிகளில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் 7தான், எலிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும்.

முத்துநகர்:
சார் சொன்னது சரி, ஆனாலும் நம் கடற்கரையை விட்டுவிட்டீர்களே. 2016 ஜனவரியில் திருச்செந்தூர்ப் பக்கம் எண்பதுக்கு மேல் திமிங்கலங்கள் கரை ஒதுங்கியபோது ஊரே திரண்டு தள்ளியது, தள்ளத் தள்ளத் திரும்பி வந்தன. 1973 ஜனவரியிலும் மணப்பாட்டில் 147 இப்படியே ஒதுங்கின. பேர் திமிங்கலம் என்றாலும் அப்படி ஒதுங்கியது ஓங்கில், அதாவது டால்பின் குடும்பம். இதைச் சொல்லிவிட்டு எலும்புக்கூட்டைக் காட்டினால் பிள்ளை வேறு மாதிரி பார்க்கும். சங்கு வைத்திருந்தால் அதையும் பாருங்கள், அறிவியல் புத்தகம் வலச்சுருள் என்று எழுதும் சாதாரணச் சங்கைத்தான் நாம் இடம்புரி என்கிறோம், இந்தக் குழப்பத்தில் நானே ஒருத்தரிடம் தோற்றிருக்கிறேன்.

பாளை அப்பா:
எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. வாத்தியார் சார், ஒரு சிக்கல். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடந்த கோழிக் கழுத்தைத் தட்டில் பரப்பி எண்ணிவிட்டு "11 வருது, உங்க சார் தப்பாச் சொல்றாரு" என்கிறாள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார்:
கோழி பாலூட்டி இல்லையே என்று கேளுங்கள். கோழிக்கு 14 இருக்கும், மிச்சம் 3 கறிக்கடைக்காரர் தலையோடு வெட்டிப் போட்டிருப்பார். ஆனால் எண்ணிப் பார்த்தாள் பாருங்கள், அந்த நோட்டை இப்போதே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.