[கலைச்சொல்] கிட்டாரின் ‘சேடில்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கைநூல் தொகுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சிறிய இசைக்கூடம் ஒன்றில் செவ்வியல் கிட்டார் வாசிக்கவும் செய்யவும் கற்பவர்களுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கழுத்தின்மேல் குறுக்கே பதித்த பட்டையான ‘ஃபிரெட்’டுக்கு வீணையின் ‘மெட்டு’, நரம்புகளைத் தாங்க மேற்பலகையில் ஒட்டிய ‘பிரிட்ஜு’க்குக் ‘குதிரை’ என்று வைத்துவிட்டேன். குதிரையின் பள்ளத்தில் செருகி நிற்கும் எலும்புத் துண்டுக்குத்தான், கடையில் ‘சேடில்’ என்று கேட்பதற்கு, சொல் இல்லை. இப்போதுள்ள வரி இது:

“12ஆம் மெட்டில் ஆறாம் நரம்பின் உயரம் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால், குதிரையை எடுத்து அடியில் தேய்க்கவும்.”

இதைப் படிப்பவர் மேற்பலகையில் ஒட்டியிருக்கும் மரக்குதிரையைப் பெயர்க்கப் போவார். பலகையின் கனமே ஏறக்குறைய 2.5 மி.மீ.தான். குதிரையோடு அதன் நாரும் உரிந்து வரும்.

வீணைப் பட்டறைக்காரர்:

வீணையில் குதிரைமேல் உலோகத் தகடு உட்காரும். நாங்கள் ‘தகடு’ என்றே சொல்வோம். கிட்டாரில் இருப்பது தகடு அல்ல, நிறுத்தி வைத்த சிறு பட்டை. ‘எலும்பு’ என்றே எழுதுங்களேன். ஸ்பெயின்காரர்களும் அதை ‘உவேசோ’, எலும்பு, என்றுதான் சொல்கிறார்கள். கிட்டாரே அவர்கள் கருவி.

தமிழாசிரியர்:

எலும்பு என்றால் தலைப்பக்கம் நரம்புகளைத் தாங்கும் சிறு பட்டையான ‘நட்’டும் எலும்புதானே ஐயா? மாணவர் எதைத் தேய்ப்பார்? மலிவான கிட்டாரில் இரண்டுமே பிளாஸ்டிக். பொருளை வைத்துப் பெயரிட்டால் பொருள் மாறும்போது பெயர் பொய்யாகும். தொழிலை வைத்துப் பெயரிடுவோம். நரம்பு + அணை = நரம்பணை. குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது, நாவுக்கும் எளிது.

கிட்டார் செய்பவர்:

ஐயா, ‘அணை’ என்றதும் மெத்தைதான் நினைவுக்கு வரும். இந்தத் துண்டு மெத்தென்று இருந்தால் அதிர்வைத் தின்றுவிடும். அது கெட்டியாக இருக்க வேண்டும். அடிப்புறம் பள்ளத்தின் தரையில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். தேய்க்கும்போது விளிம்பு உருண்டுபோனால் ஏதோ ஒரு நரம்பு மட்டும் சோர்ந்து ஒலிக்கும். பள்ளத்தில் தளர்வாக நின்றால் இழுவிசையில் முன்னால் சாய்ந்து நரம்பின் நீளம் குறையும், மேல் மெட்டுகளில் சுருதி ஏறும். இறுக்கி அடித்தால் குதிரை வெடிக்கும்.

குதிரை என்று சொல்லியாயிற்று. குதிரைமேல் உட்காருவது சேணம். இதற்குமேல் என்ன வேண்டும்?

தமிழாசிரியர்:

வடிவ ஒப்புமையால் வந்த ‘குதிரை’ உவமையாகுபெயர். அதை நீட்டிச் ‘சேணம்’ என்பதில் இலக்கணக் குற்றமில்லை. ஆனால் சேணத்தைவிட, அதே பொருள்தரும் ‘கலனை’ மேல். கலன், கலம் என்று பின்னோக்கிப் போனால் கலத்துக்கு யாழ் என்ற பொருளும் உண்டு. இன்னொன்றும் பாருங்கள்: யானையையும் குதிரையையும் அணிசெய்து ஆயத்தப்படுத்துவது ‘பண்ணுதல்’. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ்மீது செய்யும் எட்டுத் தொழில்களில் முதலாவது ‘பண்ணல்’. குதிரைக்கும் யாழுக்கும் ஒரே வினை! இந்த வேரைத் தொட்டு ‘பண்ணி’ என்றுகூட ஆக்கலாம்.

வீணை ஆசிரியை:

‘பண்ணியைத் தேய்க்கவும்’ என்றால் வகுப்பில் யாருக்கும் புரியாது ஐயா. வில் வடிவ யாழில் நரம்பு, உடலை மூடிய தோலான போர்வையிலிருந்து நேரே வளைந்த தண்டான கோட்டுக்குப் போகும். குதிரைக்கு அங்கே வேலையே இல்லை. இல்லாத உறுப்புக்கு அங்கே பெயர் தேட முடியாது.

வரைவில் சில இடங்களில் ‘கம்பி’ என்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதைப் படித்துவிட்டு எஃகுக் கம்பி வாங்கி மாட்டுவார்கள். நைலான் தொகுதியின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 40 கிலோ, எஃகு 70 கிலோவைத் தொடும். மேற்பலகை உப்பி, குதிரை பிய்ந்து வரும். எல்லா இடத்திலும் ‘நரம்பு’ என்றே வையுங்கள். 1940களில் நைலான் வரும்வரை முதல் மூன்றும் ஆட்டுக்குடல் நரம்புகளே. யாழுக்குச் சொன்ன சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது.

பிறமொழி நூல்களை மொழிபெயர்ப்பவர்:

‘நரம்பு’ சரி. ‘சேணம்’ பற்றி ஓர் எச்சரிக்கை. ஜெர்மனில் ‘சட்டல்’, அதாவது சேணம், என்பது தலைப்பக்கத்து ‘நட்’! பிரெஞ்சில் குதிரைக்கு ‘ஷெவலே’, நம்மைப் போலவே குதிரைதான். ஆனால் அதன்மேல் இருப்பதும் தலைப்பக்கத்ததும் இரண்டுமே ‘சியே’. ஆகவே சேணம் என்பது இயல்பாக எழும் உவமை அல்ல, ஆங்கிலத்தின் நிழல். ‘நரம்புதாங்கி’ போதும்.

கிட்டார் செய்பவர்:

தலைப்பக்கத்ததும் நரம்பைத் தாங்கத்தானே செய்கிறது? பிரெஞ்சுக் குழப்பத்தை நாமே விலைக்கு வாங்குவதாகும். ஜெர்மன்காரர் வழக்கில் சேணம் எங்கே இருந்தாலும், தமிழ் மாணவருக்குக் குதிரையைக் காட்டிச் ‘சேணத்தை எடு’ என்றால் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

கைநூல் தொகுப்பாளர்:

ஐந்து பேரில் மூவர் ‘சேணம்’ என்றும் ஒருவர் ‘நரம்புதாங்கி’ என்றும் தனிமடலில் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர் ஐயா ‘கலனை’யை விடவில்லை; சொல்லடைவில் சேர்க்கிறேன். ‘நட்’டுக்கு வீணையின் ‘மேரு’ என்று தற்காலிகமாக. திருத்திய பகுதி:

“650 மி.மீ. நரம்பு நீளமுள்ள கிட்டாரில் 12ஆம் மெட்டு 325 மி.மீ.யில், சரிபாதியில் இருக்கும். ஆகவே அங்கே அரை மி.மீ. தாழ வேண்டுமானால் சேணத்தில் 1 மி.மீ. குறைக்க வேண்டும். நரம்புகளைத் தளர்த்திச் சேணத்தை மட்டும் உருவவும். அடியில் பென்சில் கோடு இழுத்து, கண்ணாடிமேல் பரப்பிய 120 எண் உப்புத்தாளில் தேய்த்து, 240இல் முடிக்கவும். சுருதிக்காகச் சீவப்பட்ட மேல்முனையைத் தொடக் கூடாது.”

தமிழாசிரியர்:

சேணத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ‘மேரு’ வடசொல், யாழின் கோட்டில் நரம்பைப் பிணித்த வார்க்கட்டுக்குத் ‘திவவு’ என்ற பெயர் இருக்கும்போது அது எதற்கு? அடுத்தது, ‘தேய்க்கவும்’ ஏன்? ‘அராவுதல்’ இருக்கிறதே.

கிட்டார் செய்பவர்:

அராவுவது அரத்தால், ஐயா. உப்புத்தாளில் தேய்ப்பதுதான். திவவைப் பற்றித் திங்களன்று பேசுவோம்.