சிரட்டைக் கரி ஈயத்தை எடுக்காமல் நாகத்தை (துத்தநாகத்தை) விடுகிறது: காரணம் என்ன?

கேள்வி (வந்தாறுமூலை, இறுதியாண்டு மாணவி)

வணக்கம். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து உயிர்ப்பூட்டிய கரி (நுண்டுளைகள் நிறைந்த கரி) தயாரித்து, அதனைக் கொண்டு கழிவுநீரிலுள்ள ஈயத்தை அகற்றுவது எனது ஆய்வு. இடித்துச் சலித்த சிரட்டைத் தூளை நாகக் குளோரைட்டுக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, உலர்த்தி, மூடிய புடக்குகையில் 500 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சூடாக்கினேன். ஆறிய பின்னர், கழுவுநீர் பாசிச்சாயத் தாளில் நடுநிலை காட்டும்வரை விடுதிக் கிணற்று நீரால் கழுவி, 105 பாகையில் உலர்த்தினேன். அயடீன் எண் (கரியின் நுண்டுளைப் பரப்பைக் காட்டும் அளவு) நன்றாகவே வந்தது.

காய்ச்சி வடித்த நீரில் ஈய நைத்திரேற்றைக் கரைத்து, லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஈயம் இருக்கும்படி ஆக்கிய கரைசலில், 100 மில்லிலீற்றருக்கு 0.2 கிராம் கரியை இட்டு இரண்டு மணி நேரம் குலுக்கி வடித்தபோது, ஈயத்தில் நூற்றுக்கு 98 பங்கு நீங்கியிருந்தது. ஆனால் பழைய வாகன பற்றரிகளைப் பிரித்துத் திருத்தும் பட்டறையொன்றின் கழுவுநீரில் (பிஎச் 1.8) அதே கரியை அதே அளவில் இட்டபோது ஈயம் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. அது போதாதென்று, தொடக்கத்தில் மிகச் சிறிதளவே இருந்த நாகம் வடித்த நீரில் பன்மடங்கு கூடியிருந்தது. உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியை நியமக் கரைசல்களால் மீண்டும் சரிபார்த்தும் பெறுபேறு மாறவில்லை. கரி பழுதா, நீர் பழுதா என்று தெரியவில்லை. வழிகாட்டுங்கள்.

பதில் (கல்லடி, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்)

மகள், உங்கள் இரண்டு முறைப்பாடுகளுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன், அந்த 98 என்ற எண்ணையே நான் சந்தேகிக்கிறேன்.

நாகக் குளோரைட்டால் உயிர்ப்பூட்டிய கரியை முதலில் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தால் சூடாகக் கழுவுவதே முறை. நீங்கள் நேரே கிணற்று நீரில் கழுவியிருக்கிறீர்கள். விடுதிக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படிந்திருந்தால், அந்நீரில் இருகாபனேற்று தாராளமாக உண்டு என்று கொள்ளலாம். அத்தகைய நீர் கரியின் நுண்டுளைகளுக்குள் எஞ்சியிருக்கும் நாகத்தை வெளியேற்றாமல், நாகக் காபனேற்றாகவும் ஐதரொட்சைட்டாகவும் உள்ளேயே படியவைத்துவிடும். பாசிச்சாயத் தாள் நடுநிலை காட்டியதும் கழுவி முடிந்தது என்று தோன்றும். நாகமோ வெளியே வந்திராது.

இப்போது ஈயக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயக் காபனேற்று நாகக் காபனேற்றைவிடக் கரைதிறன் குறைந்தது; ஆகவே ஈயம் வீழ்படிவாகி, அதனிடத்தில் நாகம் கரைசலுக்கு வரும். அந்த 98 பங்கில் எவ்வளவு புறத்துறிஞ்சல் (கரியின் மேற்பரப்பு பிடித்தது), எவ்வளவு வெறும் வீழ்படிவு என்று இப்போதைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. பட்டறை நீரில் நடப்பது இன்னும் எளிது: பிஎச் 1.8 இல் காபனேற்று முழுவதும் கரைந்து, நாகம் நீருக்குள் இறங்கிவிடும்; ஈயத்தை வீழ்படியவைக்கக் காபனேற்றும் எஞ்சாது.

இதனைச் சோதிக்க மூன்று வேலைகள் போதும். முதலாவதாக, ஈயக் கரைசலின் வடிநீரை வைத்திருந்தால் அதில் நாகத்தை அளந்து பாருங்கள். ஈயத்தின் சார் அணுத்திணிவு ஏறத்தாழ 207, நாகத்தினது 65 என்பதால், 50 மில்லிகிராம் ஈயம் இவ்வாறு இடம்மாறியிருந்தால் 15 மில்லிகிராமுக்குச் சற்று மேல் நாகம் வந்திருக்க வேண்டும். அடுத்து, ஈயமே இல்லாத காய்ச்சி வடித்த நீரை நைத்திரிக்கமிலத்தால் பிஎச் 1.8 இற்குக் கொண்டுவந்து, அதில் கரியைக் குலுக்கி வடித்து நாகத்தை அளவுங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு முறையும் தொடக்க பிஎச்சை மட்டுமன்றி முடிவு பிஎச்சையும் குறித்து வையுங்கள். இந்தக் கடைசி எண்ணைத் தராத ஆய்வறிக்கைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

காரணம் உறுதியானால், கரியை 0.5 மோலர் ஐதரோக்குளோரிக்கமிலத்தில் அரை மணி நேரம் சூடாக்கி வடிக்கவும். வடிநீரில் நாகம் அற்றுப்போகும்வரை அதனைத் திரும்பச் செய்து, பின்னர் வெந்நீராக்கிய காய்ச்சி வடித்த நீரால், கழுவுநீரில் இடும் வெள்ளி நைத்திரேற்றுத் துளி கலங்கல் காட்டாமல் போகும்வரை கழுவவும் (குளோரைட்டு எஞ்சியிருந்தால் கலங்கும்). கிணற்று நீரில் குளோரைட்டு இருப்பதால் அதைக் கொண்டு கழுவினால் இச்சோதனைக்கே பொருளில்லை.

அயடீன் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது நுண்டுளைப் பரப்பின் அளவு மட்டுமே. ஈய அயனைப் பிடிப்பவை பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள, அமிலத்தன்மையுள்ள காபொட்சிலிக்குக் கூட்டங்கள். அவற்றைப் பற்றி அயடீன் எதுவும் சொல்லாது.

பதில் (சம்மாந்துறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பணியாற்றுபவர்)

ஐயா கூறியது கரியைப் பற்றியது. நான் நீரைப் பற்றிக் கூறுகிறேன். தங்கச்சி, எவ்வளவு நல்ல கரியானாலும் பிஎச் 1.8 இல் ஈயத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ஐதரசன் அயன்கள் இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதோடு, மேற்பரப்பும் நேரேற்றம் பெற்று ஈய அயனைத் தள்ளிவிடுகிறது. மேற்பரப்பின் ஏற்றம் பூச்சியமாகும் பிஎச்சைத் தங்கள் கரிக்குக் கண்டறிந்து, அதற்கு மேலான பிஎச்சிலேயே வேலை செய்ய வேண்டும். ஆனால் 6 ஐத் தாண்டினால் ஈயம் தானாகவே வீழ்படியத் தொடங்குவதால், கரியின் திறனை அளக்க 5 இற்கும் 5.5 இற்கும் இடைப்பட்ட பகுதியே பாதுகாப்பானது.

பற்றரிக் கழுவுநீரில் சல்பூரிக்கமிலம் இருப்பதால், ஈயத்தில் பெரும்பகுதி ஈய சல்பேற்றுத் துகளாகவே மிதக்கும். சாதாரண வடிதாளில் அத்துகளின் ஒரு பகுதி கடந்துவிடும். அதனைக் கரைந்த ஈயம் என்று கணக்கெடுத்தால் எல்லாக் கணக்கும் பிழைக்கும். 0.45 மைக்கிரோமீற்றர் மென்சவ்வினால் வடித்து, அதன் பிறகே நைத்திரிக்கமிலம் சேர்த்து அளவுங்கள்.

நடைமுறையில் நாங்கள் கரியை முதலில் வைப்பதே இல்லை. நீற்றிய சுண்ணாம்பை இட்டு பிஎச்சை 9 ஐ அண்டி உயர்த்தி, சேற்றை அடையவிட்டு, தெளிந்த நீரை வடித்தாலே ஈயத்தின் பெரும்பகுதி போய்விடும். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டவும் கூடாது, ஏனெனில் காரம் மிகுந்தால் ஈய ஐதரொட்சைட்டு மீண்டும் கரையும். எஞ்சும் சிறு அளவைப் பிடிப்பதற்கே கரி. உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளுக்கு விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் ஈயம் லீற்றருக்கு 0.1 மில்லிகிராமையும் நாகம் 2.0 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்பது இலங்கையின் 2008 ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளின் வரம்பு. ஈயத்தை எடுத்து நாகத்தை விடும் கரி அந்த வரம்பில் தேறாது.

இடையில் ஒரு கேள்வி (நிந்தவூர்)

எங்கள் பக்கத்தில் ஆலை உமி மலைபோல் கிடக்கிறது. அதிலும் இதனைச் செய்யலாமா? பாவித்த கரியைத் தென்னைக்கு இடலாமா?

பதில் (சம்மாந்துறை)

உமியில் செய்யலாம், ஆனால் அதன் நிறையில் ஐந்திலொரு பங்களவு சாம்பல், அதிலும் பெரும்பாலானது சிலிக்கா. சோடியம் ஐதரொட்சைட்டால் அதனை நீக்காவிட்டால் துளைகள் திறக்கா. தென்னைக்கு மட்டும் இட்டுவிடாதீர்கள். ஈயம் பிடித்த கரி மழைநீரிலும் மண்ணின் அமிலத்திலும் அதனைத் திரும்ப விடக்கூடியது. நமது கரையோர மணல் மண்ணில் அது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் வேண்டியதில்லை. எரிப்பதும் கூடாது. மூடிய கலனில் சேர்த்து வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற ஆபத்தான கழிவு கையாள்பவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் சம்மாந்துறை நானாவுக்கும் மிக்க நன்றி. பழைய வடிநீரில் லீற்றருக்கு 14 மில்லிகிராம் நாகம் இருந்தது. முடிவு பிஎச் 6.7. ஈயமில்லாத அமில நீரிலும் நாகம் வந்தது. கரியை அமிலத்தால் கழுவியபின், பிஎச் 5 இல் நிலைநிறுத்திச் செய்த சோதனையில் ஈயம் நூற்றுக்கு 61 பங்கு நீங்கியது, நாகம் வரவில்லை. இந்த 61 ஐ உயர்த்த வழியுண்டா? கழுவிய அமில நீரை என்ன செய்வது?

பதில் (கல்லடி)

61 நம்பத்தக்க எண். அறிக்கையில் அதனையே எழுதுங்கள், முன்னையதை ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் தாருங்கள். உயர்த்த வேண்டுமாயின் அடுத்த தொகுதியைப் பொசுபோரிக்கமிலத்தில் ஊறவைத்து 450 பாகையளவில் சூடாக்குங்கள். அமிலத்தன்மையுள்ள கூட்டங்கள் அதில் கூடுதலாக உருவாகும். அங்கும் எஞ்சிய பொசுபேற்று ஈயத்தை வீழ்படியவைத்துப் பொய்யான பெறுபேறு தரும் என்பதால், வடிநீரில் பொசுபேற்று இல்லை என்பதை மொலிப்டேற்றுச் சோதனையால் உறுதிசெய்த பிறகே ஈயத்தில் இடுங்கள்.

நாகம் கலந்த அமில நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அதற்கும் சுண்ணாம்பிட்டு 9 இற்குக் கொண்டுவந்து சேற்றை அடையவிட்டு, தெளிந்த நீரில் நாகத்தை அளந்து, 2.0 இற்குக் குறைந்தால் பிஎச்சை நடுநிலைக்குத் திருப்பியபின் வெளியேற்றலாம். சேற்றைப் பிளாத்திக்குக் கலனில் இட்டு, பெயரும் திகதியும் ஒட்டி, ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.