தாது வருஷம்: அடுத்த நாவலுக்குள் ஒரு தராசு

கால்வாய்க்கரை:

அடுத்த நாவல் எதைப் பற்றி என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பேய் உண்டா என்று ஒருவர். பேய் இல்லை. தராசு இருக்கிறது.

சின்ன வயதில் சோற்றை மிச்சம் வைத்தால், "தாது வருசத்துல பொறந்திருக்கணும் நீ" என்பாள் அப்பாயி. ஏதோ திட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அது 1876, பெரும் பஞ்சம் வந்த வருஷம் என்று எனக்குத் தெரியவந்தபோது நாற்பது தாண்டியிருந்தது. அப்பாயியே அதற்கு ஐம்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் பார்க்காத பசிக்கு அவள் பயந்தாள், என்னையும் பயப்பட வைத்தாள்.

நான் தினமும் பறக்கும் ரயிலில், பக்கிங்காம் கால்வாயைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவன். நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற துண்டு, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டியது. கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரையே வைத்துவிட்டார்கள். வெட்டினவர்களுக்கு என்ன கூலி என்று தேடப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து டெல்லியில் தர்பார். அதே மாதம் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் மெட்ராஸுக்கு வந்து, நிவாரணக் கூலியைக் குறைக்கச் சொன்னார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேலே ஓரணா.

ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். வீட்டுத் தராசில் அரிசியை நிறுத்து, ஆழாக்கில் அளந்தேன். மூன்று ஆழாக்கு, மேலே ஒரு பிடி. மனைவி எட்டிப் பார்த்து, "தாராளமா இருக்கே, நம்ம ரெண்டு பேருக்கு ரெண்டு வேளை வரும்" என்றாள். வரும்தான், சாம்பார், பொரியல், தயிரோடு. காலையிலிருந்து மண் சுமந்தவனுக்கு மொத்தச் சாப்பாடே அதுதான். உப்பு, மிளகாய், விறகு எல்லாம் அந்த ஓரணாவுக்குள். சிறைக் கைதிக்குக்கூட இதைவிட அதிகம் போடுகிறோமே என்று மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார்.

என் ஆள் டெம்பிளும் இல்லை, கார்னிஷும் இல்லை. தராசு பிடிக்கிற ஒரு கணக்குப்பிள்ளை. (கூலியைக் காசாகக் கணக்கிட்டார்கள், தராசு என் சரக்கு.) நல்லவன். யாருக்கும் ஒரு மணி குறையக்கூடாது, கூடவும் கூடாது. அந்த நேர்மைதான் எழுதும்போது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு ராத்திரி அவன் ஆட்களையே நிறுக்க ஆரம்பிக்கிறான். இதற்கு மேல் சொன்னால் பதிப்பாளர் அடிப்பார்.

ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்திருக்கிறார். ஒன்றை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டினேன். இரண்டாம் நாள் கழற்றிவிட்டேன்.

உங்கள் வீடுகளில் தாது வருஷம் எப்படி வந்து போனது? சொல்லுங்கள்.

மேட்டுக்காடு:

எங்க ஊரு சேலம் பக்கமுங்க. பாட்டி எறும்புப் புத்தை மிதிக்க விடாது. "அதான் நமக்கு அன்னிக்கு அளந்து போட்டுச்சு"ங்கும். பஞ்சத்துல புத்தைத் தோண்டி, எறும்பு சேத்து வெச்ச கம்பு, சாமையைப் பொறுக்கிப் பொடைச்சுக் கஞ்சி காய்ச்சுனாங்களாம்.

போன வருசம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டறப்ப ஒரு புத்து உடைஞ்சுது. ஜேசிபிக்காரரை நிறுத்தச் சொல்லிக் குனிஞ்சு பாத்தேன். தானியம் ஒண்ணுமில்லை, வெள்ளை வெள்ளையா முட்டைதான். எங்கப்பா உள்ள போயி ஒரு பிடி அரிசி எடுத்தாந்து அதுல போட்டாரு. அப்புறந்தான் தோண்டச் சொன்னாரு. பாட்டி பேச்சை எல்லாம் கட்டுக்கதைன்னு சொல்ற மனுசன் அவரு.

வடக்குவாசல்:

சார், நான் பொறந்தது ஸ்டான்லில. எங்க ஆயா கடைசி வரைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். ஆனா அந்தக் கஞ்சி உங்க பஞ்சத்துக்கும் முந்தினது, 1782 மணியக்காரர் சத்திரத்துது. உங்க கணக்குப்பிள்ளை ராயபுரம் பக்கம் வந்தா அதை விட்டுடாதீங்க.

மலைமகள்:

நான் இலங்கை, அட்டன். எங்க வீட்டுல பஞ்சம்னு சொல்றதில்ல, "நடந்து வந்தது"ன்னுதான். கோப்பித் தோட்டத்துக்கு, மன்னார்லருந்து மாத்தளைக்குக் காட்டு வழியா. தாத்தாவோட பாட்டி அப்ப சின்னப் புள்ளை. வழியில செத்தவங்க பேரைச் சாப்பிடுறப்ப வரிசையா சொல்லுமாம். ஆறு பேர். ஏழாவதுக்கு வாயைத் தொறந்து, அப்படியே நிறுத்திக்குமாம். யாருன்னு கேட்டா, தட்டைத் தள்ளிட்டு எழும்பிப் போயிருமாம்.

கால்வாய்க்கரை:

இதை நான் நாவலில் எடுத்துக்கொள்ளலாமா?

மலைமகள்:

அம்மாகிட்ட கேட்டுட்டு சொல்றேன் அண்ணே.

மலைமகள்:

கேட்டேன். வேணாம்னுட்டாங்க.