பாரிச வாயு, பக்கவாதம், முடக்குவாதம்: எல்லாம் ஒன்றா?

மேலூர் மகள்:
பொங்கல் முடிந்த வாரம் அம்மாவுக்கு வாய் கோணி, வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. மருத்துவர் பக்கவாதம் என்றார். பெரியம்மா இதைப் பாரிச வாயு என்கிறார். எதிர்வீட்டு அத்தையோ, "வாதம்தானே" என்று முடக்கத்தான் கீரையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தருகிறார். எல்லாம் ஒரே நோய்தானா? காற்றுக்கும் கைகால் விழுவதற்கும் என்ன தொடர்பு?

திருமங்கலம் தமிழாசிரியர்:
அம்மா எழுந்து நடமாட வேண்டும், மகளே. உங்கள் பெரியம்மா சொல்வதும் மருத்துவர் சொல்வதும் ஒன்றே. பாரிசம் என்பது 'பார்சுவ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. விலாப்புறம், பக்கம் என்று பொருள். வாதம், வாயு இரண்டுக்கும் வேர் 'வா'. வீசுதல் என்று பொருள். வழக்காடும் வாதம் வேறு வேரில் பிறந்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம். வாதம், பித்தம், கபம் என்று உடலை வகுத்த சித்த மருத்துவம் அசைவு முழுவதையும் வாதத்திடம் ஒப்படைத்தது. ஆகவே அசைவு நின்றால் வாதம் கெட்டது என்றார்கள். போலியோ இளம்பிள்ளை வாதம் ஆனதும் அப்படித்தான். கைகால் விழுவதை ஆங்கிலத்தில் குறிக்கும் பாராலிசிஸ் கிரேக்கச் சொல். 'பாரா' என்றால் பக்கத்தில், 'லுயெய்ன்' என்றால் தளர்த்துதல்.

செல்லூர் இயன்முறை மருத்துவர்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், அக்கா. முடக்குவாதம் மூட்டு வீங்கி இறுகும் நோய். முடக்கத்தானை நம் ஊரில் அதற்குத்தான் சொல்வார்கள். பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ வருவது. நரம்புகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் குறுக்கே கடப்பதால் இடப்பக்க மூளை பாதித்தால் வலப்பக்கம் விழும். பெயரில் வாதம் இருப்பதை நம்பிக் கீரையை மருந்தாக எண்ணி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உணவாகக் கொடுப்பதானாலும், விழுங்கும்போது புரையேறுகிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

கை விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டை மெல்ல உட்புறம் மடக்கிப் பெருவிரலை முதலில் விரியுங்கள், மற்றவை இளகிக் கொடுக்கும். தூக்கி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பற்றி இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். பேச்சு எப்படி இருக்கிறது?

மேலூர் மகள்:
தண்ணீர் கேட்க நினைத்துத் தட்டு என்கிறார். பிறகு அவரே தலையை ஆட்டி அழுகிறார்.

செல்லூர் இயன்முறை மருத்துவர்:
அறிவு மங்கவில்லை, அக்கா. சொல்தான் கைக்கு எட்டவில்லை. இடப்பக்க மூளை பாதித்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.